லாரிதான் வீடு, கீழே சேறு

எண்ணூர் விரைவுச் சாலையில் பேருந்தில் போயிருக்கிறீர்களா? காசிமேட்டுப் பக்கம் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் தொடங்கி, திருவொற்றியூரைத் தாண்டியும்கூட, கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருக்கும். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்த அதே லாரி, சாயங்காலம் திரும்பும்போதும் அதே இடத்தில் நிற்பதுண்டு. பெட்டிக்கான காகிதங்கள் சரியாக வேண்டும், உள்ளே இடம் காலியாக வேண்டும், முறை வர வேண்டும். அதுவரைக்கும் ஓட்டுநருக்கு லாரிதான் வீடு.

வேனுக்குள் படுக்கை போட்டுக்கொண்டு காடு மலை என்று சுற்றுகிறவர்களின் வீடியோக்களை நாம் வாயைப் பிளந்து பார்க்கிறோம். மின் இணைப்பு கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, வண்டிக்குள்ளேயே சமையல், வண்டிக்குள்ளேயே தூக்கம். அதற்குச் சாகசப் பயணம் என்று பெயர். நம் இராயபுரத்திலும் மணலியிலும் எத்தனையோ பேர் அதைச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள். யாரும் வீடியோ எடுப்பதில்லை.

அந்தக் கேபினுக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் ஒரு ஆள் நீட்டிப் படுக்க அகலமாக ஒரு பலகை, அதன்மேல் சுருட்டி வைத்த போர்வை. காலடியில் இருபது லிட்டர் தண்ணீர் கேன். ஒரு சின்ன காஸ் அடுப்பு, கரி பிடித்த குக்கர், ஒரு டப்பாவில் மிளகாய்த்தூள். கண்ணாடி ஓரமாகக் கட்டிய கயிற்றில் துண்டு காயும். இதெல்லாம் வீட்டுச் சாமான். டிரெய்லருக்கு அடியில் தொங்கும் பெட்டியைத் திறந்தால் வேறொரு சாமான் கூட்டம் இருக்கும். சதுரமாக அறுத்த மரக்கட்டைகள், நீளப் பலகை ஒன்று, மடித்த கோணிச் சாக்குகள், தார்ப்பாய், ஒரு சின்ன மண்வெட்டி, இரும்புச் சங்கிலி. இந்த இரண்டாவது பெட்டியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். அது மழைக்காலத்துக்கான பெட்டி.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். வடசென்னையின் தரையோ தட்டை. ஒருபக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். பெய்த தண்ணீர் சீக்கிரம் வடிய வழியில்லை. சாலை ஓரத்து மண்ணும், லாரிகள் நிறுத்தும் திறந்தவெளி யார்டுகளும் இரண்டு நாள் மழையில் சொதசொதவென்று ஆகிவிடும். ராத்திரி கெட்டித் தரையில் நிறுத்திவிட்டுப் படுத்தவர், விடிந்து பார்த்தால் சக்கரம் பாதி மண்ணுக்குள் இருக்கும்.

நேற்று முப்பது டன் வண்டியைத் தாங்கிய அதே மண், இன்று ஏன் தாங்கவில்லை?

பதில் சொல்வதற்கு முன்னால் உங்கள் கையைக் கொஞ்சம் அழுக்காக்க வேண்டும். தெருவோரத்தில் ஒரு பிடி ஈர மண் எடுத்துக்கொள்ளுங்கள். கல், குச்சி இருந்தால் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு கண்ணாடித் துண்டின்மீதோ வழவழப்பான டைல்ஸ்மீதோ வைத்து, உள்ளங்கையால் உருட்டி மெல்லிய திரியாக்கிப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் கனம் வரைக்கும் உடையாமல் திரி வருகிறதா? வந்தால் அதில் களிமண் இருக்கிறது. உருட்ட உருட்டப் பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் அதிகம், அல்லது ஈரம் போதவில்லை. இது குழந்தை விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் சாலை போடும் பொறியாளர்களின் சோதனைச்சாலையிலும் இதையேதான் செய்கிறார்கள். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911-இல் இந்த வழியைச் சொன்னார். மண்ணில் ஈரம் ஏற ஏற அது திடப்பொருள் போல இருந்து, பிசையக்கூடிய மாவாகி, கடைசியில் ஓடும் குழம்பாகிறது. எந்த ஈரத்தில் ஒரு நிலை முடிந்து அடுத்த நிலை தொடங்குகிறது என்பது மண்ணுக்கு மண் மாறும். திரி மூன்று மில்லிமீட்டரில் உடையத் தொடங்கும் ஈரம்தான் பிசையக்கூடிய நிலையின் கீழ் எல்லை.

மண் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் மூன்று அளவுத் துகள்கள் இருக்கின்றன. நம் நாட்டுப் பொறியாளர் கணக்கில் 0.075 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மணல். அது கிட்டத்தட்ட உங்கள் தலைமுடியின் கனம். அதைவிடச் சிறியது வண்டல். 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் களிமண். மணல் துகள் உருண்டையும் கோணலுமான சின்னக் கல். களிமண் துகளோ தட்டையான தகடு. சீட்டுக்கட்டை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டு போகுமே, அப்படித்தான் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் களிமண் வழுக்கும்.

வழுக்குவது பாதிக் கதைதான். மீதிப் பாதி இன்னும் சுவாரசியம். காய்ந்த தரையில் லாரியின் எடையை யார் தாங்குகிறார்கள்? மண் துகள்கள். ஒரு துகள் இன்னொன்றை அழுத்தும், அது அடுத்ததை அழுத்தும், உரசிக்கொண்டு விலகாமல் நிற்கும். இப்போது துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளெல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து லாரி அழுத்துகிறது. தண்ணீர் சுருங்காது. வெளியேறவும் வழி இல்லை. அதனால் எடையின் பெரும்பங்கைத் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது. துகள்களுக்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உரசல் குறையும். உரசல் போனால் மண் மண்ணாக இல்லை, குழம்பாகிவிட்டது.

இதைக் கணக்கோடு நிறுவியவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புல்லில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, கையில் கிடைத்த சாதாரணச் சாமான்களை வைத்தே மண்ணை அழுத்தி அழுத்திச் சோதித்தார். 1925-இல் அவர் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் மண் பொறியியல் என்ற துறையே பிறந்தது. நாம் பயணம் செய்யும் மெட்ரோ ரயிலின் தூண்களுக்கு அடித்தளம் போடுகிறவர்கள்கூட அவருடைய கணக்கைத் தாண்டிப் போக முடியாது.

மணலிலும் தண்ணீர் புகும், ஆனால் சந்துகள் பெரிதாக இருப்பதால் அழுத்தியதும் விலகி ஓடிவிடும். களிமண்ணின் சந்து வழியாகத் தண்ணீர் நகரும் வேகம் மணலைவிட லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. மழை நின்று வெயில் அடித்து மேலே காய்ந்த மாதிரித் தெரிந்தாலும், உள்ளே தண்ணீர் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும். 'மேலே காஞ்சிருக்கு, நம்பி ஏத்திடாத' என்று அனுபவப்பட்ட ஓட்டுநர் கிளீனரிடம் சொல்வது டெர்சாகியின் பாடம்தான். இறங்கிப்போய்க் குதிகாலால் ஓங்கி ஒரு குத்துக் குத்திப் பார்ப்பார். பள்ளத்தில் நீர் கசிந்தால் அங்கே வண்டி போகாது.

கடற்கரைக் கதை வேறு. திருவொற்றியூர், காசிமேடு கரையில் கல் கொட்டாத இடமாகப் பார்த்து நடந்து பாருங்கள். (கல் ஏன் கொட்டினார்கள் என்றால், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை வழிமறித்துவிட்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே நம் கரை அரித்துப் போனது. அது தனியாக ஒருநாள் பேச வேண்டிய கதை.) காய்ந்த மணலில் கால் புதையும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் ஓடலாம், பந்து விளையாடலாம். அலை மேலே நிற்கும்போது மறுபடி புதையும். கொஞ்சம் தண்ணீர் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. நிறையத் தண்ணீர் அந்தப் பிடியை அவிழ்த்துவிடுகிறது. மணல் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் கைகளுக்குத் தெரிந்த அறிவியல் இது.

எண்ணூர்ப் பக்கம் இன்னொரு வகைச் சேறு உண்டு, அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் வரும் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். வழியில் குழாய் கசிந்து கழிமுகத்திலும் படிந்திருக்கிறது. இந்தச் சாம்பலை நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடி உருண்டைகள் மாதிரி இருக்கும். பெரும்பாலும் வண்டல் அளவு. இதை வைத்துத் திரி உருட்ட முயன்றால் வரவே வராது, ஒட்டும் குணம் இல்லை. மேலே காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டிக் கெட்டித் தரை போல இருக்கும். அடியில் ஈரமாக இருந்தால், காலை வைத்ததும் ஓடும் குழம்பாகிவிடலாம். பந்து விழுந்தாலும் சரி, பட்டம் விழுந்தாலும் சரி, சாம்பல் குட்டைக்குள் இறங்காதீர்கள்.

சரி, லாரிக்கு வருவோம். சேற்றில் எது புதையும், எது புதையாது என்பதை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த எடை எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் முப்பது கிலோ. இரண்டு பாதமும் சேர்ந்து சுமார் 240 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 125 கிராம். லாரியின் ஒரு அச்சில் நான்கு டயர் இருந்தால், 2018-இல் மாற்றிய விதிப்படி அதிகபட்சம் 11.5 டன் ஏற்றலாம். அதாவது ஒரு டயருக்குக் கிட்டத்தட்ட 2.9 டன். அவ்வளவு எடையோடு டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? உங்கள் நோட்டுப்புத்தகத்தின் அட்டையைவிட அதிகம் பெரிதில்லை. டயருக்குள் அடைத்த காற்றின் அழுத்தமும், டயர் தரைமீது தரும் அழுத்தமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். லாரி டயரில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏழெட்டு கிலோ. உங்களைப் போல அறுபது மடங்கு.

இப்போது ஆவடிக்குப் போவோம். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் அர்ஜுன் பீரங்கி வண்டி தயாராகிறது. எடை 58 டன்னுக்கு மேல். எந்த கன்டெய்னர் லாரிக்கும் சளைத்ததில்லை. ஆனால் அதன் இரும்புப் பட்டை நீளமாக, அகலமாகத் தரையில் படிவதால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகூட அழுத்தம் இல்லை. லாரி மாட்டிக்கொள்ளும் சகதியில் பீரங்கி வண்டி போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

ஓட்டுநரின் பெட்டிக்குள் இருந்த பலகை நினைவிருக்கிறதா? முப்பது சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 3600 சதுர சென்டிமீட்டர். ஒரு டயரின் 2900 கிலோவை அதன்மேல் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 0.8 கிலோ. ஒரே ஒரு பலகை, லாரி டயரைப் பீரங்கிப் பட்டையாக மாற்றிவிட்டது! ஒரு நிபந்தனை: பலகை கனமாக இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் நடுவில் வளைந்து அங்கே மட்டும் அழுந்தி, படாரென்று உடையும்.

அதனால்தான் மழை வரும் என்று தெரிந்தால், விவரமான ஓட்டுநர் வண்டி புதைந்த பிறகு பலகையைத் தேடமாட்டார். வானம் கறுக்கும்போதே பலகைமீது ஏற்றி நிறுத்திவிடுவார். புதைந்தபின் பலகையைச் சொருக முதலில் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டும். ஜாக்கிக்கு அடியிலும் அதே சேறுதானே? அதுவும் புதையும். அதற்குக் கீழே ஒரு கட்டை வைத்தாக வேண்டும். இரண்டு நிமிட வேலை அரைநாள் வேலையாகிவிடும். வண்டியின் மூக்கு கெட்டித் தரையைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துவதும் இதே முன்யோசனைதான். சக்கரத்தைச் சுற்றி மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டால் மழைநீர் தேங்காமல் ஓடும், மண்ணின் சந்துகள் நிரம்ப நேரமாகும். கூடாரம் போடும் சாரணர்களும் இப்படி வெட்டுவார்கள்.

டயரைப் பற்றிப் பேசாமல் திருவொற்றியூர்க்காரர்களைத் தாண்டிப் போகக்கூடாது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னால் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்.ஆர்.எஃப். 1961-இல் அதன் முதல் டயர் வந்தது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. நாடு முழுக்கச் சேற்றில் மாட்டி மீண்ட லாரிகளில் கணிசமானவை பிறந்த ஊர் எண்ணூர். அவற்றின் டயருக்குத் திருவொற்றியூர்.

டயரின் மேலே பள்ளமும் மேடுமாக வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டன் என்பார்கள் பட்டறையில். ஈரச் சாலையில் தண்ணீரை ஓரமாகத் தள்ள அந்தப் பள்ளங்கள் உதவும். ஆனால் களிமண் அந்தப் பள்ளங்களை அடைத்துக்கொண்டால், டயர் மழமழவென்ற உருளையாகிவிடும். அப்புறம் பிடிமானம் எங்கே? வயலில் ஓடும் டிராக்டர் டயரில் பட்டன்கள் ஆழமாக, அகல இடைவெளி விட்டு இருக்கும், சுற்றும்போது சேறு உதறிப்போகும். நெல் வயலில் சேற்றுழவுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், இரும்புக் கம்பிகளால் ஆன கேஜ் வீல் மாட்டுவார்கள். அதைத் தார்ச் சாலையில் ஓட்டினால் சாலை காலி.

ஜீப்பில் பாலைவனம் போகிறவர்கள் டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்குவார்கள். டயர் தட்டையாகித் தரையைத் தொடும் பரப்பு கூடும், அழுத்தம் குறையும். நம் கணக்குப்படி சரிதான். நம் லாரிக்காரர்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை? முப்பது டன் ஏற்றிய லாரியில் காற்றை இறக்கினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகி வெடித்துவிடும். திரும்பக் காற்றடிக்கப் பக்கத்தில் பஞ்சர் கடையும் வேண்டும்.

இனி மாட்டிக்கொண்ட வண்டியைப் பார்ப்போம். புதிதாக ஓட்டுகிறவர் செய்யும் முதல் வேலை ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிப்பது. சக்கரம் விர்ரென்று சுற்றும், சேறு பின்னால் நிற்கிறவர் முகத்தில் அடிக்கும், வண்டி ஒரு அடிகூட நகராது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்: 'மிதிக்காதப்பா, குழி தோண்டுது பாரு!'

அந்தக் குரல் சொல்வது சரி. டயர் வழுக்காமல் தரையைப் பற்றிக்கொண்டிருக்கும்போது கிடைக்கும் பிடி அதிகம். வழுக்கத் தொடங்கிவிட்டால் பிடி குறைந்துவிடும். அதற்குமேல் வேகமாகச் சுற்றச் சுற்ற டயர் கிணறு வெட்டும் இயந்திரமாகிறது. அதனால் இரண்டாவது கியரில், மெதுவாக, ஒரே சீராக நகர்த்துவார்கள்.

இதில் இன்னொரு மர்மமும் உண்டு. இடது சக்கரம் சேற்றில் வேகமாகச் சுற்றும்போது, வலது சக்கரம் கெட்டித் தரையில் சும்மா நிற்கும். அதுவாவது வண்டியைத் தள்ளக்கூடாதா? பின் அச்சின் நடுவில் குடம் மாதிரி ஒரு இரும்புப் பகுதி இருக்கும். அதற்குள் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கம் குறைந்த தூரம். இரண்டும் வேறுவேறு வேகத்தில் சுற்ற அனுமதிப்பது இதன் வேலை. ஆனால் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு உந்துதலைத்தான் இது கொடுக்கும். சேற்றிலுள்ள சக்கரத்தைச் சுற்ற மிகக் கொஞ்சம் உந்துதல் போதும், அதே கொஞ்சம்தான் மறுபக்கமும் போகும். அந்தக் கொஞ்சம் லாரியைத் தள்ளக் காணாது. சாலையில் நண்பனாக இருக்கும் கருவி சேற்றில் எதிரியாகிறது. சில வண்டிகளில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிவிட ஒரு பொத்தான் இருக்கும். அது இல்லாத வண்டியில், சுற்றுகிற சக்கரத்துக்கு முன்னால் கோணிச் சாக்கைத் திணிப்பதுதான் வழி. சணல் நார் சொரசொரப்பாக டயரைப் பிடித்துக்கொள்ளும், மேல் தண்ணீரையும் கொஞ்சம் உறிஞ்சும், சேறும் டயரும் கலக்காமல் நடுவில் நிற்கும். இதே வேலையைச் செய்ய 2020-இலிருந்து மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்தில் தென்னை நார் விரிப்பைச் சாலைக்கு அடியில் போட அனுமதித்திருக்கிறார்கள். சாக்கு போட்ட கிளீனர் பையனுக்கு யாரும் இன்னும் பட்டம் கொடுக்கவில்லை.

சக்கரம் மட்டுமா மாட்டும், காலும் மாட்டும். சேற்றில் முழங்கால் வரை இறங்கிவிட்டால் நேராக இழுத்தால் வராது. செருப்பு மட்டும் உள்ளே தங்கிவிடும். ஏன்? காலைத் தூக்கும்போது பாதத்துக்குக் கீழே ஒரு வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது. களிமண் வழியாகக் காற்றோ தண்ணீரோ வேகமாக வந்து அதை நிரப்ப முடியாது. மேலேயுள்ள காற்றுமண்டலமோ சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் தூக்குவது உங்கள் காலை மட்டுமல்ல, அந்த அழுத்தத்தையும் சேர்த்து. பதறாமல் குதிகாலை இப்படியும் அப்படியும் ஆட்டி, பக்கவாட்டில் ஒரு சந்து உண்டாக்குங்கள். புளுக்கென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும், கால் வந்துவிடும். எருமைக்கு இந்தச் சிரமம் குறைவு. அதன் பிளந்த குளம்பு ஊன்றும்போது விரியும், தூக்கும்போது ஒடுங்கும், ஓரத்தில் தானாகவே காற்றுக்கு வழி கிடைத்துவிடும்.

சேற்றில் நாளெல்லாம் நிற்கிறவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். தோல் ஊறி வெளுத்து, பூஞ்சை புகுந்துகொள்ளும். ராத்திரி படுக்கும் முன் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைப்பதே பாதி மருந்து. காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவே கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாக உடலுக்குள் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை வந்தது. படகு, வலை, கை கால் எல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் அது கரையாததால் கழுவக் கழுவப் போகவில்லை.

மழை ராத்திரியில் கேபினுக்குள் வேறு இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று பேட்டரி. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட் எடுப்பார்கள். விளக்கு, மின்விசிறி, போன் சார்ஜர் என்று ராத்திரி முழுக்க உறிஞ்சிவிட்டால் காலையில் ஸ்டார்ட்டர் சுற்றாது. சேற்றில் நிற்கும் லாரியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

இரண்டாவது, உயிர் விஷயம். மழை, கொசு என்று எல்லாக் கண்ணாடியையும் இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு எரித்தாலோ, புகைக்குழாய் சேற்றில் புதைந்திருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினாலோ, கார்பன் மோனாக்சைடு என்ற வாயு சேரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்ளும். தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். சமையல் எப்போதும் கேபினுக்கு வெளியேதான், தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு. ஜன்னல் ஒரு விரல்கடையாவது திறந்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதி, ரொம்பத் தாமதமாக வந்த விதி. ஆனால் ஏசி ஓட எஞ்சின் ஓட வேண்டும் என்பதால், புகைக்குழாயைப் பார்த்துக்கொள்வது இனி முன்னைவிட முக்கியம்.

கடைசியாக, உங்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. சேற்றில் மாட்டிய லாரியை இன்னொரு லாரியோ ஜேசிபியோ இரும்புக் கயிறு கட்டி இழுக்கும்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். இழுபடும் கயிறு தனக்குள் ஏகப்பட்ட ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. அறுந்தால் அவ்வளவும் ஒரே நொடியில் வெளியேறும், முனை சவுக்கடி போல வந்து தாக்கும். கயிறு எவ்வளவு நீளமோ, அதைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள் நின்றால் இழுத்துக்கொண்டு வாருங்கள்.

இந்த மழைக்காலத்தில் உங்கள் தெரு, பள்ளி மைதானம், கடற்கரை மூன்று இடத்திலிருந்தும் மண் எடுத்துத் திரி உருட்டிப் பாருங்கள். எது மூன்று மில்லிமீட்டர் வரை வந்தது, எது முன்னமே உடைந்தது என்று எழுதி, ஊர்ப் பெயரோடு எங்களுக்கு அனுப்புங்கள். உருட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.